சில்வரா, ஏசியனா, ஜார்டினியா: முதல் அரோவானாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அரோவானா என்ற பெரிய தொட்டி மீனை வளர்க்க ஆசைப்படுபவர்களின் கேள்வி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “சில்வர் வாங்கட்டுமா, இல்லை கொஞ்சம் காசு சேர்த்து ஏசியன் வாங்கட்டுமா? ஜார்டினி பார்க்க நன்றாக இருக்கிறதே, அது எப்படி?” கேட்பது மீனைப் பற்றி. ஆனால் பதில் தொட்டியில்தான் இருக்கிறது. விற்பனைக்கு வரும் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரிதான் இருக்கும். அவற்றின் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தப்பாகத்தான் போகும். ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் விலை மலிவான மீனுக்குத்தான் வளர்ப்புச் செலவு அதிகம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் தொட்டியின் அகலம். “எத்தனை அடி தொட்டி?” என்று கேட்டால் எல்லோரும் நீளத்தைத்தான் சொல்வார்கள். அரோவானா நாள் முழுக்க மேல்மட்டத்தில் நீந்திக்கொண்டே இருக்கும். சுவர் வந்ததும் திரும்பும். திரும்புகிற இடத்தில்தான் சிக்கல். எட்டு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் இரண்டரை அடி மீன் ஒவ்வொரு முறையும் உடம்பை முறுக்கித்தான் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் பாருங்கள். அடுத்து நீளம். ஆழம் கடைசியில் வரட்டும். மேல்மட்ட மீனுக்கு இரண்டு அடி ஆழம் தாராளம்.

இரண்டாவது, வளரும் வேகம். பெரிய தொட்டி எப்போது தேவைப்படும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது, குணம். தனியாக வைக்கப் போகிறீர்களா, வேறு மீன்களோடா?

நான்காவது, சட்டமும் ஆவணமும். இது ஏசியன் அரோவானாவுக்கு மட்டும் பெரிய விஷயம். ஆனால் அதற்கு மிகப் பெரிய விஷயம்.

ஐந்தாவது, ஆயுள். சரியாக வைத்தால் சில்வர் பத்து வருடத்தைத் தாண்டும். ஏசியன் இருபதையும் தாண்டக்கூடியது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வேலைக்காக ஊர் மாறுபவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

## எந்த இனமானாலும் தப்பிக்க முடியாத செலவுகள்

இனங்களைப் பிரித்துப் பேசுவதற்கு முன், எல்லாவற்றுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன்.

மூடி. அமேசான் காட்டில் வெள்ளம் ஏறும் காலத்தில் சில்வர் அரோவானா, தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளைகளில் இருக்கும் வண்டுகளையும் பூச்சிகளையும் எம்பிப் பிடித்துத் தின்னும். ஓர் ஆள் உயரத்துக்குக்கூட எம்பும். அந்தப் பழக்கம் வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் மறந்துபோய்விடாது. சும்மா வைத்த கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு வெளியே விழுந்து செத்த மீன்களின் கதை அரோவானா வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூடி கனமாக இருக்க வேண்டும். அதோடு கிளிப் போட்டோ பூட்டியோ வைக்க வேண்டும். ஃபில்டர் குழாய்க்காக விட்ட இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். தொட்டிக்கு வந்த முதல் சில நாட்கள், தண்ணீர் மாற்றிய உடனே, இருட்டில் திடீரென்று விளக்குப் போடும் நொடி: இந்த மூன்று நேரமும்தான் ஆபத்து அதிகம். அறை விளக்கை முதலில் போட்டு, சில நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடும் பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

தண்ணீர். அரோவானா நிறையத் தின்னும், கழிவும் அதற்கேற்ப. மீன் வருவதற்கு முன்பே ஃபில்டரில் பாக்டீரியா வளர்ந்திருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா அந்தப் பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் இந்தச் சுழற்சி புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதித்துப் பார்க்கும்போது அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். வெப்பநிலை 26 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்து அவசியம். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் குளோரமைன் கலந்த தண்ணீருக்கு அந்த வழி உதவாது.

சாப்பாடு. உயிருள்ள தங்கமீனைப் போட்டு, அரோவானா வேட்டையாடுவதை வேடிக்கை பார்ப்பதில் சிலருக்கு ஒரு சுகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாவம் பார்த்து மட்டும் சொல்லவில்லை. தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்னும் மீனின் உடம்பில் வைட்டமின் பி1 அழிந்துபோகும். கூடவே ஒட்டுண்ணிகளும் தொட்டிக்குள் வந்துசேரும். பழகிய மீன் பிறகு கடையில் விற்கும் உருண்டைத் தீனியான பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காது. குஞ்சிலேயே மிதக்கும் பெல்லட்டுக்குப் பழக்கிவிட்டு, இடையிடையே இறாலும், தீனிக்காக வளர்த்த புழு பூச்சிகளும் கொடுத்தால் போதும். வீட்டில் பிடித்த கரப்பான் வேண்டாம். அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## சில்வர் அரோவானா

அமேசான் படுகையைச் சேர்ந்தது. எளிதாகக் கிடைப்பதும் இதுதான், விலை குறைந்ததும் இதுதான். நாடா மாதிரி நீண்ட உடல், வால் வரை ஓடும் துடுப்புகள், நீந்தும்போது ஒரு மிதப்பு. அழகில் ஏசியனுக்குக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். என் கண்ணுக்கு நீச்சலில் சில்வர் ஒரு படி மேல்.

அளவுதான் பயமுறுத்துகிறது. இயற்கையில் மூன்று அடியை எட்டும். வீட்டில் இரண்டு முதல் இரண்டரை அடி சாதாரணம். நன்றாகத் தீனி கிடைத்தால் முதல் ஆறேழு மாதத்திலேயே ஓர் அடியைத் தொட்டுவிடும். இப்படிப்பட்ட மீனுக்குக் கடைசி வரை தாங்கும் தொட்டி என்றால் எட்டு அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அது முழுதாக நிரப்பினால் சுமார் 1,360 லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் ஒன்றே கால் டன்னைத் தாண்டும். கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீடு என்றால் தளம் தாங்குமா என்று கட்டட விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். வாரம் கால்வாசி மாற்றினால் ஒவ்வொரு முறையும் 340 லிட்டர். வருடத்துக்கு 17,000 லிட்டருக்கு மேல். வாளியில் சுமக்கிற வேலை இல்லை இது. குழாயும் வடிகாலும் தொட்டிக்குப் பக்கத்திலேயே வேண்டும். மணிக்கு நான்கைந்து தடவை முழுத் தண்ணீரும் சுழல வேண்டும் என்று வைத்தால் 5,500 லிட்டருக்குக் குறையாத பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மீனின் விலை மலிவு என்று ஆரம்பித்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கையைப் பிசைகிறார்கள்.

இன்னொன்று, கண் தொங்கிப்போகும் ‘டிராப் ஐ’ பிரச்சினை. ஒரு கண்ணோ இரண்டுமோ கீழ்நோக்கியே நிலைத்துவிடும். கொழுப்பான தீனி, அடியில் விழும் இரையை எப்போதும் குனிந்து தேடுவது, மேலே பார்க்க எதுவுமே இல்லாதது என்று பல காரணம் சொல்கிறார்கள். இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. சில்வரில் இது நிறையவே தென்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வந்தால் அநேகமாகப் போகாது.

கூட விடும் மீன்கள் விஷயத்தில் சில்வர் பரவாயில்லை. அரோவானாக்களில் சாதுவானது என்றே சொல்லலாம். வாயில் நுழையாத அளவுள்ள, அடிமட்டத்திலோ நடுமட்டத்திலோ வாழும் மீன்களோடு ஒத்துப்போகும். வாய் எவ்வளவு திறக்கும் என்பதை மட்டும் குறைத்து எடைபோடாதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: சொந்த வீடு, தரைத்தளம், மூன்று அடி அகலத் தொட்டிக்கு இடம் இருப்பவர்களுக்கு. தோட்டத்தில் மூடிய குளமோ சிமெண்ட் தொட்டியோ வைக்க முடிந்து, குளிர்காலத்திலும் தண்ணீர் 26 டிகிரிக்குக் கீழே போகாத இடமானால் இன்னும் நல்லது.

## பிளாக் அரோவானா

பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்று மீன், சில்வரின் நெருங்கிய உறவு. குஞ்சில் கறுப்பு உடலும் மஞ்சள் பட்டையுமாக அள்ளிக்கொண்டு போகும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வளர வளர அது மங்கி, பெரிய மீனாகும்போது நீலச் சாயல் ஓடும் வெள்ளி மீனாகிவிடும். குஞ்சுப் பருவத்தில் சில்வரைவிட நோஞ்சான். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் தாங்காது. தொட்டிச் செலவோ ஏறக்குறைய சில்வருக்கு ஆவதேதான். முதல் அரோவானாவாக இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

## ஏசியன் அரோவானா

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. பச்சை, சிவப்பு, பொன் என்று வகைகள். இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் உள்ள கபுவாஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சூப்பர் ரெட். மலேசியாவிலிருந்து முதுகு முழுக்கப் பொன் ஏறும் கிராஸ்பேக். சுமத்திராவிலிருந்து ரெட் டெயில் கோல்டு. ரெட் டெயிலில் பொன்னிறம் நான்காவது செதில் வரிசையோடு நின்றுவிடும், முதுகு கறுத்திருக்கும். பச்சைதான் இவற்றில் விலை குறைவு.

முதலில் காகிதம். இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் இது. அழிந்துவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான விற்பனையைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்க முடியாது. பதிவு பெற்ற பண்ணைகளில், பண்ணையிலேயே பிறந்த பெற்றோருக்குப் பிறந்த மீன்களை மட்டுமே உலகச் சந்தையில் விற்கலாம். அப்படி வரும் மீனின் முதுகுத் தசையில் மைக்ரோசிப் இருக்கும். கூடவே அந்த எண் அச்சிட்ட சான்றிதழ். வாங்கும்போது சிப்பை ஸ்கேனரில் படிக்கச் சொல்லி, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “பேப்பர் அப்புறம் தருகிறேன்” என்றால் அந்த மீன் வேண்டாம். அமெரிக்காவில் சான்றிதழ் இருந்தாலும் இதை வீட்டில் வளர்க்க முடியாது. அதனால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, பதிவு ஏதாவது செய்ய வேண்டுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாடு மாறிப் போகும் வாய்ப்பிருந்தால் மீனைக் கூட்டிக்கொண்டு போவது லேசான காரியமில்லை.

அடுத்தது நிறம். சிவப்பு என்று வாங்கும் குஞ்சு பல நேரம் சிவப்பாகவே இருக்காது. முழு நிறம் ஏற நான்கைந்து வருடம்கூட ஆகும். எந்த அளவுக்கு ஏறும் என்பது பரம்பரை, தீனி, விளக்கு, தொட்டியின் பின்னணி நிறம் எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய விலை கொடுத்து வாங்குபவர் உண்மையில் ஒரு நம்பிக்கையைத்தான் வாங்குகிறார். நிறத்துக்காகவே வாங்குவதென்றால், குஞ்சை விட்டுவிட்டு நிறம் பிடிக்க ஆரம்பித்த நடுத்தர அளவு மீனைப் பார்ப்பது நல்லது. விலை ஏறும், ஏமாற்றம் குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏசியன் மெதுவாக வளரும். வீட்டில் பெரும்பாலும் இரண்டு அடி அளவில் நிற்கும். ஆறு அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் உள்ள தொட்டி போதும்; அது 850 லிட்டர். வாராவாரம் மாற்றும் தண்ணீர் 210 லிட்டர். அறைக்குள் அடங்கும் அளவு. பத்து வருடச் செலவை உட்கார்ந்து கூட்டினால், பச்சை வகை ஏசியனுக்கும் சில்வருக்கும் இடையே நாம் நினைக்கும் அளவு தூரம் இருக்காது.

இரண்டு ஏசியனை ஒரே தொட்டியில் விடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்று தனியாக, இல்லாவிட்டால் மிகப் பெரிய தொட்டியில் ஆறுக்கு மேல். இரண்டென்றால் ஒன்று மற்றதை ஓயாமல் துரத்தும்.

யாருக்குப் பொருந்தும்: வேறு பெரிய மீன்களைச் சில வருடமாவது வளர்த்துப் பழகியவர்களுக்கு. காகித வேலைக்கு அலுத்துக்கொள்ளாதவர்களுக்கு.

## ஜார்டினி

வட ஆஸ்திரேலியா, நியூ கினி ஆறுகளின் மீன். வெண்கல நிற உடல், ஒவ்வொரு செதிலிலும் சிவப்புப் பிறைகள். விலையில் சில்வருக்கும் ஏசியனுக்கும் நடுவே. ஏசியனின் நெருங்கிய உறவு. உடல்வாகும் அதுபோலத்தான், தொட்டியும் அதே ஆறு அடிக்கு இரண்டரை அடி போதும். டிராப் ஐ இதில் அபூர்வம். ஆவணத் தொல்லையும் ஏசியன் அளவுக்கு இல்லை. இதைப் படிக்கும்போது “அப்போ இதுதானே சரி?” என்று தோன்றும்.

குணத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஜார்டினி சண்டைக்கார மீன். சின்னதில் மற்ற மீன்களோடு சமாதானமாக இருந்துவிட்டு, ஓர் அடியைத் தாண்டியதும் ஒருநாள் திடீரென்று தொட்டி முழுக்கத் தனதென்று முடிவுசெய்துவிடும். அப்போது கூட இருந்த மீன்களுக்கு வேறு தொட்டி தேட வேண்டும். இதுதான் இதன் மறைமுகச் செலவு. “என் ஜார்டினி சாது” என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீனுக்கு எத்தனை வயது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: ஒரே தொட்டி, ஒரே மீன் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு. அப்படிப்பட்ட புதியவருக்கு இந்த வரிசையில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## அரோவானாவே வேண்டாம் என்றால்

நான்கு அடித் தொட்டிக்குமேல் வைக்க இடமே இல்லையா? மேலே சொன்ன எதுவும் உங்களுக்கில்லை. வருத்தம்தான், ஆனால் அதே குணத்தோடு சின்ன உறவினர் ஒருவர் இருக்கிறார்: ஆப்பிரிக்க பட்டர்ஃப்ளை மீன். அரோவானாவின் அதே வரிசையைச் சேர்ந்தது. நாலைந்து அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். மேல்மட்டத்திலேயே கிடந்து, விழும் பூச்சியைப் பிடிக்கும், எம்பிக் குதிக்கும், மூடி இதற்கும் வேண்டும். மூன்று அடித் தொட்டி போதும், அலையில்லாத மேற்பரப்பும் மிதக்கும் செடியும் இருந்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கும். தீனியில் கொஞ்சம் பிடிவாதம். அடியில் விழுந்ததைத் தொடாது. நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களைக் கூட விட்டால் காணாமல் போகும்.

## ஒரே பார்வையில்

| | சில்வர் | பிளாக் | ஏசியன் | ஜார்டினி | பட்டர்ஃப்ளை |
|---|---|---|---|---|---|
| வீட்டில் வளரும் அளவு | 2–2.5 அடி | 2–2.5 அடி | சுமார் 2 அடி | சுமார் 2 அடி | 4–5 அங்குலம் |
| தொட்டி (நீளம் × அகலம்) | 8 × 3 அடி | 8 × 3 அடி | 6 × 2.5 அடி | 6 × 2.5 அடி | 3 × 1.5 அடி |
| வளரும் வேகம் | மிக வேகம் | வேகம் | மெதுவு | நடுத்தரம் | பொருட்டில்லை |
| குணம் | சாது | சாது | ஒத்த இனத்தோடு சண்டை | எல்லோரோடும் சண்டை | சாது |
| ஆவணம் | நாட்டைப் பொறுத்தது | நாட்டைப் பொறுத்தது | சிப், சான்றிதழ் கட்டாயம் | நாட்டைப் பொறுத்தது | பெரும்பாலும் இல்லை |
| ஒளிந்திருக்கும் செலவு | இடம், தண்ணீர், மின்சாரம் | நிறம் மாறும் ஏமாற்றம் | நிறத்தின் நிச்சயமின்மை | கூட வைத்த மீன்களுக்கு வேறு தொட்டி | பூச்சித் தீனி |

## சின்னத் தொட்டியில் ஆரம்பித்துப் பிறகு மாற்றலாமா?

இதுதான் அடுத்து வரும் கேள்வி. ஏசியன், ஜார்டினிக்கு நான்கு அடித் தொட்டியில் ஆரம்பிப்பதில் தப்பில்லை. குஞ்சு தீனி எடுக்கிறதா என்று கவனிக்கவும் வசதி. ஒரு வருடம் போல ஓட்டலாம். சில்வருக்கு அதே தொட்டி ஆறேழு மாதத்தில் போதாமல் போகும். அதற்கு இடைத்தொட்டி வாங்குவது வீண் செலவு. பெரியதையே நேராக வைத்துவிட்டு, குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் மட்டத்தைக் குறைத்து வைக்கலாம்.

“தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்” என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். நெருக்கடியான தொட்டியில் வளர்ச்சி குன்றும் மீனின் முதுகெலும்பு வளையும், செவுள் மூடியின் ஓரம் வெளிப்பக்கம் சுருண்டு மடியும். அதை அந்த மீனின் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

மூன்று அடித் தொட்டியில் சில்வர் குஞ்சு நீந்திக்கொண்டிருக்கும் நிலையில் இதைப் படிப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். உங்களுக்கு மூன்று வழிதான். ஆறு மாதத்துக்குள் பெரிய தொட்டியோ குளமோ தயார்செய்வது. இடம் உள்ள வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுப்பது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பேசிப் பார்ப்பது. கொடுப்பதென்றால் ஓர் அடியைத் தொடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த அளவில் கேட்டு வாங்க ஆள் கிடைக்கும், பையில் போட்டுத் தூக்கிப் போகவும் முடியும். இரண்டு அடி மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது. ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவது நான்காவது வழி இல்லை. ஒன்று அது சாகும், இல்லாவிட்டால் அங்கே இருக்கும் மீன்களைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.